கவுண்டனூரும் எட்டயபுரமும்

தென்பாண்டிச் சீமையிலே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், கரிசல் நிலத்தின் நடுவே அமைந்தது எட்டயபுரம். 1799-ஆம் ஆண்டில் கும்பினியார் வீரபாண்டியக் கட்டபொம்மனோடு பொருதபோது, எட்டயபுரத்துப் பாளையக்காரர் கும்பினியாரின் பக்கம் நின்றார். பின்னர்ப் பாளையங்கள் ஜமீன்களாயின. வாளும் படையும் போயின. அரண்மனையும் பட்டப்பெயர்களும் எஞ்சின. குடிகளிடம் வரி தண்டி, அரசாங்கத்துக்குரிய பேஷ்குஷைக் கட்டுவதே ஆட்சி என்றாயிற்று. மிகுந்த பொழுதைப் போக்கப் புலவரும் பாடகரும் அரண்மனையைச் சூழ்ந்திருந்தனர்.

இவ்வூரில் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் சுப்பிரமணியன் என்னும் குழந்தை பிறந்தது. தந்தையார் சின்னசாமி ஐயர் அரண்மனையில் மதிப்புப் பெற்றவர். ஐந்தாம் வயதிலேயே தாயை இழந்த சிறுவனுக்குக் கவிதையே துணையாயிற்று. பள்ளிப் பாடத்தில் செல்லாத மனம் செய்யுளில் சென்றது. பதினொரு வயதளவில் புலவர் அவையிலே பாடிப் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றார். 1897-இல், கல்வி கற்கப் பொருளுதவி வேண்டி எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளில் ஒரு விண்ணப்பம் வரைந்தார். அப்போது அவருக்கு வயது பதினான்கு. அரண்மனை வாயிலில் கவி பாடி நிற்பதையே புலமையின் பயனென அவ்வூர் அவருக்குக் கற்பித்திருந்தது.

1898-இல் தந்தையார் காலமானார். அவர் தொடங்கிய பருத்தி ஆலை முன்னரே நொடித்திருந்தது. பாரதியார் காசி சென்று சில ஆண்டுகள் கல்வி பயின்றார். மீண்டும் எட்டயபுரம் வந்து ஜமீன் ஊழியத்தில் அமர்ந்தார். அவ்வாழ்வு அவருக்கு ஒவ்வவில்லை. 1904-இல் அதனை உதறி, மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டின் இறுதியில் சென்னைக்குச் சென்று ‘சுதேசமித்திரன்’ இதழில் சேர்ந்தார். பின்னர் ‘இந்தியா’ இதழில் அவர் எழுதிய எழுத்து ஆங்கில அரசின் சினத்தை மூட்டியது. 1908-இல் அவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் புகலடைந்தார்.

அங்கேதான் ‘சின்னச் சங்கரன் கதை’ பிறந்தது. கவுண்டனூர் என்னும் கற்பனை ஜமீனே கதைக்களம். அதன் தலைவரின் பெயரோ, மூச்சு விடாமல் சொல்லி முடிக்க இயலாத நீளமுடையது. அதிகாரம் சுருங்கச் சுருங்கப் பட்டம் நீளுகிறது என்பதை அப்பெயர் ஒன்றே சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிடும். பருத்த வயிறும் பழுத்த சோம்பலும் உடைய அத்தலைவரைச் சுற்றிப் புகழ்பாடும் கூட்டம் ஒன்று உண்டு. அக்கூட்டத்தினிடையே இடம்பெற ஏங்குகிறான், உடல் மெலிந்தவனும் இளமையிலேயே கவி கட்டத் தொடங்கியவனுமாகிய சங்கரன். எட்டயபுரத்தை அறிந்தவர்களுக்குக் கவுண்டனூர் எதுவென்று சொல்லவேண்டியதில்லை. சங்கரன் யார் என்பதும் அவ்வாறே. ஜமீன்தாரை மட்டும் எள்ளி நகையாடுவது எளிது. பாரதியார் தம்மையும் அந்த நகைப்பிற்கு உள்ளாக்கினார். அதனாலேயே அக்கதையில் வசைமொழியின் கசப்பு இல்லை.

கதைக்கு நேர்ந்ததோ நகைப்பிற்குரியதன்று. ஆங்கில அரசின் ஒற்றர்கள் புதுச்சேரியில் அவரை இடைவிடாது கண்காணித்து வந்தனர். எழுதி வைத்திருந்த கைப்படி ஒருநாள் காணாமற் போயிற்று. ஒற்றர்களே அதனைக் களவாடச் செய்தனர் என்பர் அவரோடு பழகியோர். சோம்பேறி ஜமீன்தார் ஒருவரைப் பற்றிய வேடிக்கைக் கதையில் இராஜத்துரோகத்தைத் தேடியவர்கள் என்ன கண்டனரோ! பாரதியார் மீண்டும் எழுதத் தொடங்கினார். சில இயல்களோடு நின்றுவிட்டது. அப்பகுதியே இன்று நமக்குக் கிடைப்பது.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியேறினார். கடலூர் அருகே சிறைப்பட்டு, டிசம்பரில் விடுதலை பெற்று, மனைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கினார். வறுமை வாட்டியது. உழைத்து எழுதிய நூல்களை அச்சிடப் பொருளில்லை. இல்லத்திலோ மனைவியும் இரு பெண்மக்களும். இந்நிலையில் 1919 மே மாதத்தில், எட்டயபுரம் அரண்மனைக்கே அவர் சீட்டுக்கவிகள் விடுத்தார். பரிசில் வேண்டிப் புலவர் எழுதும் செய்யுட் கடிதமே சீட்டுக்கவி. அப்போது பட்டத்திலிருந்தவர் வேங்கடேசுவர எட்டப்பர்.

சங்கரனின் கதையை எழுதிய கை, சங்கரன் செய்யக்கூடியதையே செய்தது. எனினும் அப்பாடல்களைப் படிப்போர் ஒரு வேற்றுமையை உணர்வர். தமிழுக்குக் கவியரசர் இல்லை என்னும் பழி தம்மால் நீங்கியது என்று அவர் தலைநிமிர்ந்து கூறுகிறார். சால்வையும் பொற்கிழியும் பல்லக்கும் அளித்துத் தம்மைப் போற்றுதல் அரசர்க்குரிய கடமை என உரைக்கிறார். அடுத்த வேளை அரிசிக்கு வழியற்றவர் பல்லக்குக் கேட்டார்! இதனை இரப்பு என்பதா, உரிமை என்பதா? அடுத்து அவர் செய்ததே நெஞ்சை வருத்துவது. அந்த ஜமீன் மரபின் வரலாறாகிய ‘வமிசமணி தீபிகை’ என்னும் நூலை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருவதாகவும் அவ்வாண்டிலேயே கடிதம் எழுதினார். கவுண்டனூர்த் தலைவரின் நீண்ட பட்டங்களை எண்ணி எண்ணிச் சிரித்தவர், மெய்யான ஜமீன் ஒன்றின் பெருமைகளை எழுத முன்வந்தார்.

அரண்மனையிலிருந்து உதவி வரவில்லை. 1920-இல் பாரதியார் சென்னை திரும்பி மீண்டும் ‘சுதேசமித்திரன்’ பணியை ஏற்றார். 1921 செப்டம்பரில், முப்பத்தெட்டாம் வயதில், திருவல்லிக்கேணியில் உயிர் நீத்தார்.

1947-இல் எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது. பொதுமக்கள் அளித்த நன்கொடையால் எழுந்தது அது. அடுத்த ஆண்டு இயற்றப்பெற்ற சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன் முறையை ஒழித்தது. சின்னச் சங்கரனோ, கதை நின்ற இடத்திலேயே கவுண்டனூரில் இன்னும் இருக்கிறான்.