ஃபேனுக்குள்ள ஒரு ரெனால்ட்ஸ்

ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் உங்க டெஸ்க்டாப் ஃபேன் மட்டும் 'கிர்ர்ர்'னு கத்துதா? அப்போ ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கதை உங்களுக்குத்தான். ஆமாம், லாமினாரா டர்புலன்ட்டானு பார்க்க ஒரு நம்பர் போடுவோமே, அதே ரெனால்ட்ஸ்.

1842-ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தார். அப்பா பாதிரியார், கணக்கிலும் கெட்டிக்காரர். ரெனால்ட்ஸ் நம்மள மாதிரி நேரா காலேஜுக்குப் போகல. முதலில் ஒரு இன்ஜினியரின் பட்டறையில் தொழில் பழகினார், அப்புறம்தான் கேம்பிரிட்ஜில் கணிதம். 1868-ல், 25 வயசில், மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் புரொஃபசர். அந்த வருஷமே கல்யாணம். அடுத்த வருஷம் மனைவி இறந்துட்டாங்க. 1905 வரை அதே ஊரில்தான் பாடம் எடுத்தார். அவர் நடத்துறது பலருக்குப் புரியாதாம் (நமக்கும் பழக்கம்தானே!). ஆனா எலக்ட்ரானைக் கண்டுபிடிச்ச ஜே.ஜே. தாம்சன் அவர்கிட்ட படிச்சவர்.

கலர் தண்ணியைக் கண்ணாடிக் குழாயில் விட்டுப் பார்த்த 1883 சோதனை சிலபஸ்லயே இருக்கு, விடுங்க. எனக்குப் பிடிச்சது அடுத்தது. அந்தச் சமயத்தில் பீச்சம் டவர் என்ற இன்ஜினியர் ரயில் அச்சு பேரிங்கைச் சோதிச்சுக்கிட்டிருந்தார். எண்ணெய் விட பேரிங் மேல ஒரு துளை போட்டார். அச்சு சுத்த ஆரம்பிச்சதும் எண்ணெய் அந்தத் துளை வழியா மேலே பொங்கி வந்தது. தக்கை வச்சு அடைச்சார், பிதுங்கி வெளியே வந்தது. மரக்கட்டை வச்சார், அதுவும் வந்துடுச்சு. பிரஷர் கேஜ் மாட்டினா, முள்ளு கடைசிக் கோட்டையும் தாண்டிடுச்சு.

ஏன்னு சொன்னவர் ரெனால்ட்ஸ், 1886-ல். சுத்துற அச்சு எண்ணெயைக் குறுகிக்கிட்டே போற இடைவெளிக்குள்ள இழுக்குது. அங்கே அழுத்தம் ஏறி, அச்சையே தூக்கி நிறுத்துது. உலோகம் உலோகத்தைத் தொடாது. தொடலைன்னா தேய்மானமும் இல்ல, சத்தமும் இல்ல.

1912-ல் அவர் இறந்தார். கம்ப்யூட்டர் ஃபேன் எதையும் பார்த்ததில்ல. ஆனா ஃபேன் அட்டைப்பெட்டியில் 'ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்'னு போட்டிருந்தா, உள்ளே வேலை செய்யறது அவர் சமன்பாடுதான். சாதாரண ஸ்லீவ் பேரிங்கிலும் எண்ணெய் உண்டு. ஆனா கசிஞ்சு காய்ஞ்சுடும், கத்த ஆரம்பிக்கும். பால் பேரிங் உழைக்கும், குண்டு உருளும் சத்தம் மட்டும் போகாது. இதில் சின்னச் சின்ன வரிப்பள்ளங்கள் எண்ணெயை உள்பக்கமே தள்ளிக்கிட்டிருக்கும்.

கேஸில் இடம் இருந்தா 80 மி.மீ.க்குப் பதிலா 120 வாங்குங்க. மெதுவா சுத்தியே அதே காற்றைத் தள்ளும். ஆயுள் மணிநேரம் பெரிசா அச்சடிச்சிருந்தா, எந்த வெப்பநிலையில் அளந்ததுன்னும் பாருங்க. அப்புறம், எண்ணெய்ப் படலம் உருவாகாத நேரம் ஃபேன் கிளம்புற அந்த முதல் கணம்தான். அதனால அடிக்கடி நின்னு நின்னு ஓட விடாம, பயாஸில் வேகத்தைக் குறைச்சு வச்சுத் தொடர்ந்து ஓட விடுங்க.