அளவறிந்து அளந்த அறிஞர்

அறிவியல் அறிஞர் ஜெகதீஷ் சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மைமன்சிங்கில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. அவருடைய தந்தையார் அரசு அதிகாரி. ஆயினும், மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். பிறமொழியைக் கற்பதற்கு முன் தாய்மொழியை அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கே மீனவரின் மகனும் ஏவலரின் மகனும் போஸின் வகுப்புத் தோழர்களாயினர்.

கொல்கத்தாவிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பயின்ற போஸ், 1885இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அக்காலத்தில் ஐரோப்பியப் பேராசிரியர்களைவிட இந்தியர்களுக்குக் குறைந்த சம்பளமே வழங்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்த போஸ் மூன்று ஆண்டுகள் சம்பளம் பெறாமலேயே கற்பித்தார். இறுதியில் நிர்வாகம் இணங்கி, நிலுவைத் தொகை முழுவதையும் வழங்கியது.

கல்லூரியில் முறையான ஆய்வுக்கூடம் இல்லை. சிறிய அறை ஒன்றில், உள்ளூர்த் தொழிலாளியின் துணையோடு கருவிகளை உருவாக்கி, மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். 1895இல் கொல்கத்தாவில் மக்கள் முன்னிலையில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார்.

கண்ணுக்குப் புலப்படாத அலையை உணர நுட்பமான கருவி தேவை. போஸின் கருவியில் சிறு உலோகச் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அத்தொடுமுனைகளில் செலுத்தப்படும் மின்னழுத்தம் மிகக் குறைந்தால் கருவி அலையை உணராது. அளவு கடந்தால் அலை வராமலேயே மின்தடை சரிந்து, கருவி பொய்யான செய்தியைக் காட்டும். ஆகவே, போஸ் திருகாணியைக் கொண்டு அழுத்தத்தையும், அதனுடன் மின்னழுத்தத்தையும் சிறிது சிறிதாக மாற்றி உரிய அளவைக் கண்டறிந்தார்.

பின்னர், பல பொருள்களின் தொடுமுனைகளில் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டியும் குறைத்தும் மின்னோட்டத்தை அளந்து வரைபடங்களாக்கினார். பலவற்றில் மின்னழுத்தம் உயரும் விகிதத்தைவிட மின்னோட்டம் விரைவாக உயர்ந்தது. இன்று இத்தகைய பொருள்கள் பலவற்றைக் குறைக்கடத்திகள் என்கிறோம். கலேனா எனும் ஈயத்தாதுப் படிகத்தால் அவர் அமைத்த உணர்கருவிக்கு 1904இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. கண்டுபிடிப்பை விற்றுப் பொருளீட்ட விரும்பாத போஸ், நண்பர்களின் வற்புறுத்தலால்தான் அதற்கு இணங்கினார்.

தாவரங்களின் உணர்ச்சியையும் ஆராய்ந்த அவர், 1917இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிடியில் காலமானார்.

அவர் கடைப்பிடித்த கவனம் இன்றைய தொழிற்சாலைகளுக்கும் தேவை. ஜொகூரில், யோங் பெங்கிலிருந்து நெடுஞ்சாலைவழி சென்றடையக்கூடிய மூவாரில் குறைக்கடத்திச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் ஆலை உள்ளது. இத்தகைய ஆலைகளில் நடைபெறும் சோதனைகளுள் ஒன்று, சில்லுக்குள் குறிப்பிட்ட மின்னோட்டத்தைச் செலுத்தி, அதில் எழும் மின்னழுத்தத்தை அளப்பதாகும். சோதனை ஊசி சரியாகத் தொடாவிட்டால் மின்தடை பெருகும். அப்போது கருவி, அதே மின்னோட்டத்தைச் செலுத்த முயன்று மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போகும். ஊசி திடீரெனப் பொருந்தினால் சில்லு பழுதாகிவிடக்கூடும். அதனால்தான் மின்னழுத்தத்திற்கு முன்கூட்டியே வரம்பு விதிக்கின்றனர்.

எடுத்துக்காட்டாக, 10 மில்லியாம்பியர் மின்னோட்டத்தில் 0.7 வோல்ட் காட்டும் சிலிக்கான் டையோடுக்கு வரம்பை 2 வோல்ட் என வைக்கலாம். 0.5 வோல்ட் என வைத்தால் உரிய மின்னோட்டம் பாய்வதற்குள் கருவி தடுத்துவிடும். நல்ல டையோடும் பழுதானதாகத் தோன்றும். 50 வோல்ட் என வைத்தால் அது பாதுகாப்பாக அமையாது. அளக்கப்படும் பொருளின் இயல்பை அறிந்த பின்னரே வரம்பை முடிவு செய்ய வேண்டும். சிறிய அறையில் பொறுமையோடு உழைத்த போஸின் ஆய்வு நமக்கு உணர்த்துவதும் இதுவே.