யானைமலையைப் படம் பிடித்த பட்டாளக்காரர்

மதுரைக்கு வடகிழக்கே, படுத்திருக்கும் யானையைப் போல ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதுதான் யானைமலை. காலையில் கதிரவன் எழும்போது, யானை மெல்லக் கண் விழிப்பது போலத் தோன்றும். இன்று எவரும் ஒரு நொடியில் அதைப் படம் எடுத்துவிடலாம். 1858-இல் அது லேசான காரியமா?

அந்தக் காரியத்தைச் செய்தவர் லின்னேயஸ் டிரைப்.

17 வயதில் பட்டாளம்

இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் 1822-இல் பிறந்தவர் அவர். 17-வது வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். விடுமுறையில் ஊர் சென்றபோது புகைப்படக் கலையைக் கற்றார். திரும்பி வந்ததும், 1854-இல் ஹளேபீடு, பேலூர் கோவில்களைப் படம் எடுத்தார். சென்னைப் பொருட்காட்சியில் அவை பரிசு பெற்றன. 1855-இல் பர்மா சென்றும் படம் எடுத்து வந்தார்.

அவருடைய திறமையைக் கண்ட சென்னை அரசாங்கம், அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

மாட்டு வண்டிப் பயணம்

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். பெட்டி பெட்டியாகச் சாமான்களை மாட்டு வண்டிகள் சுமந்தன. ராயக்கோட்டை, சேலம் ஜில்லா வழியாக, கொங்குச் சீமையின் குன்றுகளைக் கண்டபடி தெற்கே இறங்கினார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று பயணம் நீண்டது.

அவருடைய காமிரா மிகப் பெரியது. மெழுகு பூசிய காகிதத்தில் வெள்ளி உப்பு ஏற்றி, அதில் படம் பதிய வைத்தார். நம் ஊர் வெயிலில் மெழுகே இளகிவிடும்! படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் நடந்து போகிறவர் படத்தில் விழவே மாட்டார். ஆனால் பாறை அசையாது. திருச்சி மலைக்கோட்டையும் யானைமலையும் பொறுமையாக நின்று கொடுத்தன.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தக் காகிதத்தில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். விடியற்கால மேகமும் நிறமும் அதில் வராது. ஆகவே டிரைப், தூரிகை எடுத்துத் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார்!

தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டையும் அவர் விடவில்லை. 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார்.

கதவு அடைபட்டது

1859-இல் புதிய கவர்னராக வந்தார் சர் சார்லஸ் டிரெவெல்யன். அவர் செலவைக் குறைப்பதில் கண்டிப்பானவர். புகைப்பட வேலை வீண் செலவு என்று நிறுத்திவிட்டார். டிரைப் மறுபடியும் பட்டாள வேலைக்கே திரும்பினார். பின்னர் பர்மாவில் சில படங்கள் எடுத்ததோடு சரி. 1902-இல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

வீண் என்று ஒதுக்கப்பட்ட படங்கள் என்ன ஆயின? இன்று லண்டன், வாஷிங்டன் நகரங்களின் பெரிய காட்சிசாலைகளில் பொக்கிஷமாக இருக்கின்றன.

மலை சாட்சி

சமண முனிவர்களின் படுக்கைகளையும், 8-ஆம் நூற்றாண்டில் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோவிலையும் கொண்டது யானைமலை. 2010 வாக்கில் அதைச் செதுக்கிச் சிற்பநகரம் ஆக்கும் யோசனை எழுந்தது. சுற்றுப்புற ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். மலை தப்பியது.

உடைத்த பாறை மறுபடி முளைக்காது. டிரைப் கண்ட அதே யானை, இன்றும் காலை வெயிலில் படுத்திருக்கிறது. அது அப்படியே இருக்க வேண்டியது நம் பொறுப்பு!