தமிழருக்கு வைத்தியர்

நெடுங்காலம் தமிழில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், மருத்துவ பீடத்திற் சேர்ந்து ஓராண்டு கழிந்தபின் என்னைக் காண வந்தார். முகத்தில் வாட்டம் தெரிந்தது. அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழிற் கற்ற சொற்களையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பதாகச் சொன்னார். தமிழிற் படித்தது வீண்தானோ என்று தயங்கித் தயங்கி அவர் கேட்டபொழுது எனக்கு உடனே விடை வரவில்லை. மறுநாட் காலை அவரை மானிப்பாய்க்கு அழைத்துச் சென்றேன். அங்குள்ள வைத்தியசாலைக்குக் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று பெயர். அப்பெயருக்குரியவரின் கதையை அன்று அவருக்குச் சொன்னேன். அதனையே இங்கு எழுதுகின்றேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். பெரிய குடும்பம். அவருடைய தமையனார் அன்ட்ரூ கிறீன், நியூயோர்க் மாநகரின் நடுப்பூங்காவை உருவாக்கியோருள் ஒருவராகப் பிற்காலத்திற் புகழ் பெற்றவர். சாமுவேல் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, அவருடைய மாநிலத்துத் தலைநகரான பொஸ்டனில், ஈதர் என்னும் மயக்கமருந்து கொடுத்து நோயாளி வலியறியாதிருக்க அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்பது உலகறியக் காட்டப்பட்டது. மருத்துவம் புது யுகத்துள் அடியெடுத்து வைத்த வேளை அது. அவ்வேளையிலேதான், 1847இல், அந்த இளைஞர் அமெரிக்க மிஷனின் வைத்தியராகக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன்னரே இங்கு மேனாட்டு வைத்தியர் இருந்ததுண்டு. 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த ஜோன் ஸ்கடர் அவருள் முதல்வர். ஆனால் நோயாளர் தொகைக்கு ஒருவர் எம்மட்டு? வாந்திபேதி வந்தால் ஊரூராக மக்கள் மாண்டனர். தாம் ஒருவரே ஆயிரம் பேருக்கு மருந்து கொடுப்பதைக் காட்டிலும், மருந்து கொடுக்க வல்லாரை ஆக்குவதே தக்கது என்று கிறீன் கண்டார். 1848இல் சில மாணவரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். வட்டுக்கோட்டையில் 1823 முதல் நடந்து வந்த செமினரி, ஆங்கிலமும் தமிழும் விஞ்ஞானமும் ஒருங்கே அறிந்த இளைஞரை ஆக்கியிருந்தமை அவருக்குப் பேருதவியாயிற்று. பின்னர் மானிப்பாய் அவருடைய இருப்பிடமும், வைத்தியசாலையும், கல்லூரியும் ஆயிற்று.

அதே 1848ஆம் ஆண்டில்தான் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாவலரும் 1822இற் பிறந்தவரே. சமயத்தில் இருவரும் எதிரெதிர்க் கரையில் நின்றவர்கள். கிறீன் கிறிஸ்து சமயத்தைப் பரப்ப வந்தவர் என்பதை அவர் மறைத்ததில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இருவரும் நம்பிய கருவிகள் ஒன்றே: பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், தெளிந்த தமிழ் வசனம். தம்மிடம் வந்த தமிழ் இளைஞர் உடையிலும் நடையிலும் ஐரோப்பியராய் மாறுவதைக் கிறீன் விரும்பவில்லை. அவர்கள் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை மொழிக்கும் சென்றது. ஆங்கிலத்திற் கற்றவன் ஆங்கிலத்திலேயே நோயைச் சிந்திப்பான். நோயாளியோ கிராமத்தவன். இவ்விருவருக்கும் இடையில் ஒரு பாலம் வேண்டும். 1852ஆம் ஆண்டிலேயே, கட்டர் என்பாரின் நூலைத் தழுவி, அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் நெடும்பெயருடன் முதல் நூல் வெளிவந்தது. உடலமைப்பு, உடற்றொழில், உடல்நலம் என மூன்றையும் உரைப்பது அது. 1857இல் பிரசவ வைத்தியம் வந்தது. அவ்வாண்டு தாயகம் சென்ற கிறீன், 1862இல் மணம் முடித்து மனைவியோடு திரும்பினார். திரும்பியபின் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார்.

அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த நூல்களை எண்ணிப் பாருங்கள். இரண வைத்தியம் 1867, மனுஷ அங்காதிபாதம் 1872, வைத்தியாகரம் 1872, கெமிஸ்தம் 1875, மனுஷ சுகரணம் 1883. ஏறத்தாழ நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவ இலக்கியம். இலண்டனில் கிரே என்பாரின் உடலமைப்பு நூல் முதலில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது மனுஷ அங்காதிபாதமாகத் தமிழில் நின்றது. இன்று அதற்குரிய வேகம் நமக்கு உண்டா?

சொல்லாக்கத்தில் அவர் பிடிவாதக்காரரல்லர். நூற்பெயர்களே அதற்குச் சான்று. அங்காதிபாதம் என்றவுடன் நம் புலவர் பாடிய கேசாதிபாதம் செவியில் ஒலிக்கின்றது. இரணம் என்பது நாட்டு வைத்தியர் வாயில் வழங்கிய சொல். கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உடை உடுத்தியது. உள்ள சொல்லை எடுத்தார். இல்லாதவிடத்து வடமொழியை நாடினார். அதுவும் உதவாதவிடத்து ஆங்கில ஒலியையே நமது நாவுக்கு இணங்கச் செய்தார். அருஞ்சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார்.

இவற்றையெல்லாம் அவர் தனியொருவராய்ச் செய்யவில்லை என்பதே என் கருத்தில் அவரது தலையாய பெருமை. டான்வர்த், சாப்மன் முதலிய பெயர்களைக் கண்டு அமெரிக்கர் என்று மயங்க வேண்டாம். அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர். மிஷன் பள்ளிகளில் அக்காலத்து வழக்கப்படி அமெரிக்கப் பெயர் பெற்றவர்கள். கிறீனிடம் மருத்துவம் கற்றவர்கள். அவர்கள் மொழிபெயர்ப்பர், கிறீன் வரிவரியாய் ஒத்துப் பார்த்துத் திருத்துவார். பாடத்தைக் கேட்டு ஒப்புவிப்பவனாகவன்றிப் பாடநூலை ஆக்குபவனாக மாணவனை உயர்த்திய ஆசிரியர் அவர். மாணவரின் புத்தாக்கம் என்று இன்று மேடைகளிற் பேசப்படும் பொருள், ஆய்வுகூடமும் மின்விளக்கும் இல்லாத மானிப்பாயில் எழுத்தாணியும் அச்சுக்கூடமும் கொண்டு நடந்தேறியது. வசதி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அச்சுக்கூடமே அக்காலத்தின் நவீன வசதி. அதை யார் கையிற் கொடுத்தார் என்பதே கேள்வி.

எனினும் இக்கதை வெற்றிக் கதை மட்டுமன்று. கிறீன் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலே கற்றவர். ஆனால் தமிழிற் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவு எளிதில் திறக்கவில்லை. கொழும்பில் 1870இல் அரசினர் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அங்கே பயிற்றுமொழி ஆங்கிலம். தன் மாணவர் கிராமத்திலே தங்கி அயலாரின் நோய் தீர்க்க வேண்டுமென்று கிறீன் விரும்பினார். மாணவரும் பெற்றோரும் சம்பளத்தையும் எண்ணினர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. 1873இல் உடல்நலங் குன்றிக் கிறீன் வூஸ்டர் திரும்பினார். அங்கிருந்தும் கையெழுத்துப் படிகளைத் திருத்தித் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஆயினும் அவரில்லாத மானிப்பாயில் தமிழ் மருத்துவக் கல்வி நாளடைவில் ஓய்ந்தது. 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் காலமானார். தமது கல்லறையில், தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று பொறிக்கும்படி முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். பிறந்த மண்ணிற் கிடந்தும் அவர் விரும்பிய அடையாளம் அதுவே.

யாழ்ப்பாணத்தில் மீண்டும் மருத்துவக் கல்வி வேரூன்ற 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு தோன்றிய மருத்துவ பீடத்திலேதான் என் மாணவர் படிக்கின்றார்.

வைத்தியசாலை வாயிலில் ஒரு மர நிழலில் நின்று இவ்வளவும் சொல்லி முடித்தேன். ஆங்கிலத்தை அவர் நன்கு கற்கத்தான் வேண்டும். உலகத்து மருத்துவ ஆராய்ச்சியின் பெரும்பகுதி அம்மொழியில் நடக்கின்றது என்பதையும் ஒளிக்காமற் சொன்னேன். பின்னர், வாட்டில் நோயாளியிடம் எந்த மொழியிற் பேசுகின்றார் என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். நீரிழிவால் கால் புண்ணாகி வந்த மூதாட்டி ஒருவருக்கு, மருத்துவர் சொன்னதைத் தாமே விளக்க நேர்ந்ததென்றும், பள்ளியிற் படித்த சொற்களே அப்பொழுது கைகொடுத்தன என்றும் மெல்லச் சொன்னார்.

இரண்டு மாதங்களின் பின் தபாலில் ஓர் உறை வந்தது. நீரிழிவு உள்ளோர் பாதத்தைப் பேணுவது எப்படி என்று அவரும் தோழர் நால்வரும் தமிழில் எழுதிய நான்கு பக்கங்கள் அதனுள் இருந்தன. திருத்தித் தரும்படி கேட்டிருந்தார். சிவப்பு மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து இடங்களிற் சந்திப்பிழை திருத்தினேன். ஒரு கலைச்சொல்லை நீக்கி, அந்த மூதாட்டிக்கு விளங்கும் சொல்லை எழுதினேன். அன்று மானிப்பாயில் அவர் கேட்ட கேள்விக்கு விடையை நான் சொல்லவில்லை, அவர்களே எழுதிவிட்டார்கள்.