ஐடா ஸ்கடர் அம்மையார்

அந்நாளைய வட ஆர்க்காட்டு மாவட்டத்து இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் ஐடா ஸ்கடர் அம்மையார் பிறந்தார். அவர்தம் பாட்டனார் 1819-இல் அமெரிக்க நாட்டினின்றும் புறப்பட்டு யாழ்ப்பாணம் போந்து மருத்துவப் பணி தொடங்கியவர், தந்தையாரும் மருத்துவரே. ஆயினும், ஐடாவுக்கு இளமையில் அப்பணியில் நாட்டம் இல்லை. சிறு வயதிலேயே பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட அவர், அமெரிக்காவில் கல்வி கற்று அங்கேயே இனிது வாழ விழைந்தார்.

1890-இல், நோயுற்ற தாயாருக்கு உதவும்பொருட்டு அவர் திண்டிவனத்திற்கு வந்தார். அங்கு ஓர் இரவு அந்தணர் ஒருவர் வந்து, மகப்பேற்று வேதனையில் துன்புறும் தம் இளமனைவியைக் காக்குமாறு ஐடாவை வேண்டினார். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும், தம் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் இல்லத்துப் பெண்டிரைக் காணலாகாது எனக் கூறி வந்தவர் திரும்பினார். அவ்விரவிலேயே இசுலாமியர் ஒருவரும், பின்னர் மற்றோர் இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்து, அவ்வாறே மீண்டனர். பொழுது புலர்ந்தது, சாப்பறை ஒலித்தது. பெண்டிர் மூவரும் இறந்தனர் என்னும் செய்தி ஐடாவின் நெஞ்சைப் பிளந்தது. உதவ விரும்பும் உள்ளம் மட்டும் போதாது. கற்ற கையும் வேண்டும் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

மருத்துவம் பயில அவர் மீண்டும் அமெரிக்கா சென்றார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். வீட்டு அறை ஒன்றே அவருடைய முதல் மருந்தகம். ஈராண்டில் ஏறத்தாழ 5,000 நோயாளருக்கு அவர் மருத்துவம் செய்தார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மகளிர் மருத்துவமனை எழுந்தது.

படுக்கைகள் அமைந்தன, அவற்றின் அருகே நிற்கும் துணைக்கரங்கள் எங்கே? மருத்துவர் நோயாளியிடம் சிறிது பொழுதே இருப்பார்; எஞ்சிய பொழுதெல்லாம் நோயைக் காப்பவள் செவிலியே. மகப்பேற்றுக்குப் பின் குருதி மிகுதியாகப் பெருகுமாயின், சிறிது காலத் தாழ்வும் தாயின் உயிரைக் கொள்ளும். நாடி தளர்வதையும் முகம் வெளுப்பதையும் கண்டறிந்து, கலங்காது உடனே மருத்துவரை அழைத்தல் பழகியவர்க்கே கைகூடும். கைகளைத் தூய்மை செய்தலும், கருவிகளைக் கொதிநீரில் இடுதலும் எளிய செயல்கள்போலத் தோன்றலாம்; அவற்றில் நேர்ந்த சோர்வால் மாண்டவரோ எண்ணிலர்.

இங்கிலாந்தில் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் 1860-இலேயே செவிலியர் பள்ளியை நிறுவியிருந்தார். நம் நாட்டிலோ, அயலார் புண்ணைக் கழுவுதல் இழிதொழில் என்னும் எண்ணம் வேரூன்றி நின்றது. பிறர் மலத்தையும் குருதியையும் தொடும் பணிக்குத் தம் மகளிரை விடப் பெற்றோர் அஞ்சினர். அவர்களை முற்றும் பழிப்பதும் முறையன்று; பெண்கள் இல்லம் விட்டு வெளியே தங்குதலே அரிதாயிருந்த காலம் அது. தொடக்கத்தில், வீட்டு ஊழியர் ஒருவரின் மனைவியையே அம்மையார் தமக்கு உதவியாளராகப் பழக்கிக்கொண்டார்.

1909-இல் டீலியா ஹவுட்டன் அம்மையாரின் துணையுடன் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே அம்மையாருக்கு மோட்டார் வண்டி ஒன்றும் கிடைத்தது. குடியாத்தம் சாலையில் அது முழங்கி வரக் கண்ட சிற்றூர் மக்கள் பேயோ என அஞ்சி ஓடினராம்! நாளடைவில் அச்சம் நீங்கியது. வண்டி வரும் நாளில் மரநிழல்களில் நோயாளர் திரண்டு காத்திருப்பாராயினர். புண் கழுவுதல், கட்டுக் கட்டுதல், மருந்து அளித்தல் ஆகியன சாலையோரத்திலேயே நிகழ்ந்தன.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அவர் முயற்சியால் தோன்றியது. செவிலியர் கல்வியும் உடன் வளர்ந்தது. 1946-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைவுடன், செவிலியர் பட்டப்படிப்பு வேலூரில் தொடங்கிற்று. தில்லியிலும் அவ்வாண்டே அத்தகைய கல்லூரி அமைந்தது. ஒரு காலத்தில் மகளிரை அனுப்பத் தயங்கிய நாட்டில், அத்தொழில் பல்கலைக்கழகப் பட்டத்திற்குரிய கல்வியாயிற்று. அதனைத் தம் கண்ணாற் கண்ட அம்மையார், 1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில் கோடைக்கானலில் இயற்கை எய்தினார்.