கடலுக்கு அடியில் இரண்டு கம்பி!

சைரஸ் பீல்டு அமெரிக்கர். 1819-ல் பிறந்தவர். காகித வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர்.

அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கடலடியில் தந்திக் கம்பி போட விரும்பினார்.

1858-ல் போட்ட கம்பி சுமார் 3 வாரத்தில் கெட்டது. எல்லாமே மோசடி என்று சிலர் ஏசினார்கள்.

1865-ல் மறுபடியும் முயன்றார். பாதி வழிக்கு மேல் போனதும் கம்பி அறுந்து, கடலில் மூழ்கியது!

பீல்டு தளரவில்லை. 1866 ஜூலையில் புதுக் கம்பி கரை சேர்ந்தது.

அதோடு விட்டாரா? இல்லை! அறுந்த கம்பியையும் கொக்கி போட்டுத் தூக்கி, ஒட்டுப்போட்டு, கரைக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது இரண்டு கம்பி! ஒன்று கெட்டாலும், மற்றொன்றில் செய்தி போகும்.

பீல்டு 1892-ல் இறந்தார்.

இன்று முக்கியமான கம்ப்யூட்டர்களில் இரண்டு நெட்வொர்க் கார்டு வைப்பதும் இதற்குத்தான். ஒன்று பழுதானால், மற்றொன்று வேலையை ஏற்றுக்கொள்ளும்.