புள்ளிகளால் படம் பதித்த ஓவியர்

வங்காளம் பேசும் உங்கள் தோழர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். துந்துனிக் குருவியின் கதை அவருக்குத் தெரிந்திருக்கும். அக்கதையை எழுதி, அதற்குப் படமும் வரைந்தவர் உபேந்திரகிசோர் ராய் சௌத்திரி.

இவர் 1863ஆம் ஆண்டு, இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங் பகுதியின் மசுவா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். இளமையிலேயே இவரைத் தத்தெடுத்த உறவினரான நிலக்கிழார், தம் பெயரான ஹரிகிசோர் என்பதற்கு இயைய உபேந்திரகிசோர் எனப் பெயர் மாற்றினார். நம் சாத்தம் மர ஆலை 1883இல் தொடங்கப்பெற்றபோது, இவர் கல்கத்தாவில் கல்லூரி மாணவர். ஓவியம் தீட்டுவார், வயலின் வாசிப்பார். கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இவருடைய நண்பர்.

சிறுவர்க்கென இராமாயணக் கதையை எளிய நடையில் எழுதி, அதற்கான படங்களையும் உபேந்திரகிசோர் வரைந்தார். நூல் அச்சாகி வந்தது. படங்களைக் கண்டவர் மனம் நொந்தார். அக்காலத்தில் ஓவியர் வரைந்த படத்தை வேறொருவர் மரக்கட்டையில் செதுக்குவார். அக்கட்டையில் மை தடவி அச்சிடுவர். கட்டையின் மேட்டில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. அவ்வாறாயின், கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட மெல்லிய நிழல் எங்கிருந்து வரும்? நுண்கோடுகளை நெருக்கமாக வெட்டி ஓரளவு காட்டலாம். அதற்குத் தேர்ந்த கை வேண்டும். அவருடைய படங்களுக்கு அத்தகைய கை வாய்க்கவில்லை.

பிறர் மேல் குறை கூறிக்கொண்டு அவர் வாளா இருக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து நூல்களையும் கருவிகளையும் வேதிப்பொருள்களையும் வரவழைத்து, 1895இல் சொந்தமாக அச்சுக்கட்டை செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவர் கற்ற முறைக்கு ஆஃப்டோன் என்று பெயர். நுண்ணிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இடப்பட்ட கண்ணாடித் திரையின் வழியே படத்தை ஒளிப்படம் எடுத்தால், அது எண்ணற்ற புள்ளிகளாகப் பிரியும். இருண்ட இடத்தில் புள்ளிகள் பெரியவை. வெளிச்சமான இடத்தில் சிறியவை. அப்புள்ளிகளை உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் பதிப்பர். செய்தித்தாளில் உள்ள படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், இப்புள்ளிகளை நீங்களும் காணலாம்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் வியக்க வைப்பது இப்பகுதியே. அயல்நாடு செல்லாமல், நூல்களின் துணைகொண்டே பயின்றார். திரையையும் ஒளி புகும் துளையையும் பற்றிப் புதிய கணக்குகளைக் கண்டறிந்தார். இலண்டனில் வெளிவந்த பென்ரோஸ் அச்சுக்கலை ஆண்டு மலர் அவர்தம் கட்டுரைகளை வெளியிட்டது. கற்பிக்க ஆளின்றிக் கற்றவரிடமிருந்து இலண்டன் அச்சுத் துறையே பாடம் கேட்டது.

1910இல் துந்துனிக் கதைநூல் வெளிவந்தது. மாலையில் உண்ணாமலே உறங்கிவிடும் குழந்தைகளை விழித்திருக்கச் செய்யக் கிழக்கு வங்கப் பெண்கள் கூறிவந்த கதைகள் அவை. ஒரு கதையில், கத்தரிச் செடியில் கூடு கட்டிய தையல்சிட்டு, பசித்து வரும் பூனையை நாள்தோறும் மகாராணி என வணங்கி மகிழ்விக்கிறது. குஞ்சுகள் பறக்கக் கற்றதும், பூனைக்குக் காலை நீட்டிக் காட்டிவிட்டுப் பறந்துவிடுகிறது!

1913இல் சந்தேஷ் என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்கு வங்காளத்தில் செய்தி என்றும் பொருள். இனிப்புப் பண்டம் என்றும் பொருள். கதை, அறிவியல், புதிர் அனைத்தும் அதில் வண்ணப் படங்களுடன் வந்தன. ஆயினும் நீரிழிவு நோய் அவரை வாட்டியது. இன்சுலின் மருந்து அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. 1915 டிசம்பர் 20ஆம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

மகன் சுகுமார் ராய் இதழைத் தொடர்ந்து நடத்தினார். அவரும் 1923இல் இளவயதிலேயே இறந்தார். சுகுமாரின் மகன் சத்யஜித் ராய் பிறந்தது 1921இல். பாட்டனாரை அவர் கண்டதேயில்லை. எனினும் நின்றுபோயிருந்த சந்தேஷ் இதழை 1961இல் மீண்டும் தொடங்கியவர் அவரே. பாட்டனார் அவ்விதழில் எழுதிய கூப்பி, பாகா என்னும் இருவரின் கதையை 1969இல் திரைப்படமாகவும் அளித்தார்.